கண்ணுக்கு அவசரம், கன்னத்துக்கு அவகாசம்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் நிறைந்திருக்கிறது. பிறந்தபோதே வலது நெற்றி, மேல் இமை, கன்னம் எல்லாம் சேர்ந்து கருஞ்சிவப்பாக இருந்தது. பிரசவத்தில் அழுந்தியதால் வந்த சிவப்பு, ஒரு மாதத்தில் போய்விடும் என்றார்கள். போகவில்லை. அழும்போது இன்னும் அடர்த்தியாகிறது. கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் என் மனைவி காய் நறுக்கியதுதான் காரணம் என்று என் அம்மா சொல்கிறார். மனைவி குழந்தையை வெளியே தூக்கிச் செல்வதையே நிறுத்திவிட்டாள். பக்கத்து நகரில் ஒரு லேசர் மையத்தில் கேட்டோம். ஆறு முறை செய்தால் சுவடே தெரியாது, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சலுகை உண்டு என்கிறார்கள். என் சித்தப்பாவோ ஐந்து வயது வரை தொடாதே, தானாக மறையும் என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொரு சிறிய விஷயம். வலது கண்ணில் அடிக்கடி நீர் வடிகிறது, வெளிச்சத்தில் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்தக் கண் சற்றுப் பெரிதாக, பார்க்க அழகாக இருக்கும். அம்மா தினமும் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்.

உடுமலைப்பேட்டை வட்டாரத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

சிறிய விஷயம் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். இதைப் படித்து முடித்ததும் லேசர் மையத்தின் தொலைபேசி எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, நாளைக் காலையிலேயே மகளைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கோவையிலும் மதுரையிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி. "முகத்தில் பிறவிச் சிவப்பு, இமை வரை இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கண்ணில் நீர் வடிகிறது, வெளிச்சம் தாங்கவில்லை, கண் பெரிதாகத் தெரிகிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைத்தால் எழுந்து போய் இன்னொரு முறை சொல்லுங்கள்.

நெற்றியும் மேல் இமையும் சேர்ந்து சிவந்திருக்கும் குழந்தைகளில் சிலருக்கு அந்தப் பக்கத்துக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும். கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய், முதியவர்களுக்கு மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். தோலின் ரத்தக் குழாய்களில் இருக்கும் அதே கோளாறு கண்ணைச் சுற்றியும் இருந்தால், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறுவது தடைப்படுகிறது. பெரியவர்களின் கண் சுவர் கெட்டியானது. கைக்குழந்தைக்கு அது இளசு, அழுத்தம் ஏற ஏற விரிந்து கொடுக்கும். அதனால்தான் கண் பெரிதாகத் தெரிகிறது. "எவ்வளவு பெரிய, அழகான கண்!" என்று எல்லோரும் கொஞ்சிய கண்ணில் பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சியவர்கள் மீது குற்றமில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

மூக்கு வரை போகும் கண்ணீர்க் குழாய் திறக்காமல் இருந்தாலும் கைக்குழந்தைக்குக் கண்ணில் நீர் வடியும். அப்போது பீளை சேரும், இமை ஒட்டிக்கொள்ளும், வெளிச்சத்துக்குக் கூச்சம் அதிகம் இருக்காது. இது இரண்டில் எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். கண் மருத்துவர் அழுத்தத்தை அளப்பார், கருவிழியின் அகலத்தை அளப்பார், பார்வை நரம்பைப் பார்ப்பார். குழந்தை ஒத்துழைக்காவிட்டால் சிறிது நேரம் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம், அதற்குத் தயங்காதீர்கள். அழுத்தம் இருந்தால் சொட்டு மருந்தும், பல குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். நரம்பில் போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். அதனால்தான் நாளைக் காலை என்கிறேன். அழுத்தம் இல்லை என்று சொல்லிவிட்டாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. வளர்ந்த பிறகும் அது வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூளை பற்றியும் ஒரு வார்த்தை. நெற்றியில் இப்படிச் சிவப்பு இருக்கும் குழந்தைகளில் சிலருக்கு அதே பக்கத்து மூளை உறையிலும் ரத்தக் குழாய்கள் மிகுந்திருக்கும். ஸ்டர்ஜ்-வெபர் என்று அதற்குப் பெயர். 1879-இல் ஸ்டர்ஜ் என்ற ஆங்கிலேய மருத்துவர், முகத்தில் சிவப்போடு வலிப்பும் வந்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னபோதே இந்தத் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. முகத்தில் சிவப்போடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வருவதில்லை. ஆனாலும் உங்கள் மகளுக்குச் சிவப்பு நெற்றியில் இருப்பதால் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒரு முறை பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இப்போதா, பிறகா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது இடது கையையும் இடது காலையும்தான், ஏனென்றால் வலது மூளை ஆள்வது இடது பக்கத்தை. அந்தக் கையோ காலோ விட்டு விட்டு வெட்டி இழுத்தால், பார்வை ஒரே பக்கம் நிலைகுத்தினால், பொம்மைக்கு வலது கையை மட்டும் நீட்டி இடது கையைப் பயன்படுத்தாமலே இருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முடிந்தால் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

இனி சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். அவரும் எங்கோ பார்த்ததைத்தான் சொல்கிறார். பிறவிச் சிவப்பில் மூன்று வகையை நம் வீடுகளில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பிடரியிலும் இரு புருவங்களின் நடுவிலும் இமைகளிலும் மங்கிய ரோஜா நிறத்தில் தெரிவது ஒன்று. முகத்தில் இருப்பது ஒன்றிரண்டு ஆண்டில் மங்கிவிடும், பிடரியில் இருப்பது தலைமுடிக்குள் மறைந்துகொள்ளும். இரண்டாவது, ஹெமான்ஜியோமா. பிறந்தபோது ஒன்றுமே இல்லாமல் அல்லது ஒரு புள்ளியாக இருந்து, சில வாரங்களில் செந்நாவல் பழம் போலப் புடைத்து வேகமாக வளரும், பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். "தானாகப் போய்விட்டது" என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பாதி இதைப் பற்றியவை. அதற்குக்கூட, கண், உதடு, மூச்சுக்குழாய் அருகில் வந்தால் காத்திருக்கக் கூடாது. 2008-இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனலால் கொடுத்த குழந்தைக்கு ஹெமான்ஜியோமாவும் சேர்ந்து சுருங்குவதைக் கண்டார்கள். இன்று அந்த மருந்துதான் அதற்கு முதல் சிகிச்சை.

உங்கள் மகளுக்கு இருப்பது மூன்றாவது வகை என்றே கடிதத்திலிருந்து தோன்றுகிறது. பிறந்த நாளிலேயே இருந்தது, தட்டையானது, ஒரு பக்கத்தோடு நிற்கிறது, அழுதால் அடர்கிறது. போர்ட் ஒயின் ஸ்டெயின் என்று இதைச் சொல்வோம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று பேருக்கு உடலில் எங்காவது இது இருக்கும். இது தானாக மறையாது. குழந்தை வளர வளர அதே அளவில் தானும் வளரும். பலருக்கு நடுவயதில் கருநீலமாகித் தடித்து, மேலே சிறு முடிச்சுகள் எழும்பி, கீறினால் ரத்தம் கசியும். நேரில் பார்த்து வகையை உறுதி செய்ய வேண்டியவர் ஒரு தோல் மருத்துவர். பெயர் தெரியாத எந்த மச்சத்தின் மீதும் லேசரை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம்.

அடுத்து எழுதப்போவதை உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் மருமகள் ஒரு தவறும் செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரகண காலம் வந்தே தீரும், நம் ஊர் வானில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஒன்பது மாதக் கர்ப்பம் எதுவும் அதைத் தாண்டாமல் முடிவதில்லை. கிரகணத்தில் காய் நறுக்கினால் சிவப்பு வரும் என்றால் உலகத்தில் பாதிக் குழந்தைகளுக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். உண்மையான காரணம் 2013-இல் தெரிந்தது. கரு உருவான பிறகு, அதிலிருக்கும் ஏதோ ஓர் உயிரணுவில் ஜி.என்.ஏ.கியூ. என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்த உயிரணுவிலிருந்து பெருகிய ரத்தக் குழாய்கள் மட்டும் விரிந்தே இருக்கின்றன. அந்த மாற்றம் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை, இரு குடும்பத்து ரத்தத்திலும் இல்லை. சாப்பிட்டதாலோ பார்த்ததாலோ வெட்டியதாலோ அது வரவில்லை. அடுத்த குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை. ஐந்து மாதமாக அந்தப் பெண் இந்தப் பழியைச் சுமந்துகொண்டு பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். அதை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

இப்போது லேசர். அது வேலை செய்யும் விதம் புரிந்தால் அந்த மையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

1960-இல் முதல் லேசர் பிறந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோல் மீது சோதிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்து வந்த ஆர்கான் லேசர் சிவப்பைக் குறைத்தது, கூடவே தழும்பையும் விட்டுச் சென்றது. குழந்தைகளுக்கு அது மிக மோசமாக நடந்தது. 1983-இல் பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள். அவர்கள் சொன்னதை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். அடுப்பிலிருந்து விழுந்த நெருப்புத் துண்டைப் பாட்டி விரலால் எடுத்துச் சட்டென்று உள்ளே போடுவார், விரல் சுடாது. ஒரு கணம் தாமதித்தால் கொப்புளம். சூடு பரவ நேரம் வேண்டும், அந்த நேரம் கிடைப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இந்த ரத்தக் குழாய்கள் தலைமுடியின் தடிமனைச் சுற்றியே இருப்பவை. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறுக்குள் ஒளியைப் பாய்ச்சி நிறுத்திவிட்டால், குழாய் வெந்துவிடும், சுற்றியிருக்கும் சதைக்குச் சூடு போய்ச் சேராது. எந்த நிற ஒளி என்பதும் முக்கியம். ரத்தத்தின் சிவப்பு நன்றாக உறிஞ்சுவது மஞ்சள் ஒளியை. 585, பிறகு 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியைத் துடிப்பு துடிப்பாகப் பாய்ச்சும் கருவிக்குப் பல்ஸ்டு டை லேசர் என்று பெயர். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் குழந்தைகளுக்கு அதுதான் முதல் தேர்வு.

நம் தோலுக்கு ஒரு கூடுதல் கவலை இருக்கிறது. ரத்தக் குழாய்களுக்கு மேலே பந்தல் போட்டதுபோல மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அதுவும் அதே ஒளியைக் குடிக்கும். வெள்ளைத் தோலுக்கு எழுதிவைத்த அளவை அப்படியே நம் குழந்தைக்கு வைத்தால் பந்தல் எரியும். கொப்புளம், வெள்ளைத் திட்டு, கரும்படை, சில நேரம் நிரந்தரத் தழும்பு வரும். இதைத் தடுக்கக் கருவியே ஒளிக்கு முந்தைய கணத்தில் தோலின் மேற்பரப்பைக் குளிர்விக்கும். மருத்துவரும் ஒளியின் அளவைக் குறைத்து, ஒரு சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பொறுத்துத்தான் மீதியைத் தொட வேண்டும். கைக்குழந்தைக்குச் சீக்கிரம் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் படாத தோலில் நிறமி குறைவு, தோல் மெலிது, குழாய்கள் சிறியவை, சிவப்பின் பரப்பும் இப்போதுதான் மிகக் குறைவு. சித்தப்பா சொல்வதுபோல ஐந்து வயது வரை காத்திருந்தால் இவையெல்லாம் கை நழுவும். அதே நேரம் கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பார்த்து முடிக்கும் சில வாரங்களில் எந்த நஷ்டமும் வந்துவிடாது.

ஆறு முறையில் சுவடே தெரியாது என்று எழுதிக் கொடுக்கக்கூடிய மருத்துவர் யாரும் இல்லை. உண்மை நிலவரம் இது: பெரும்பாலான குழந்தைகளுக்கு நிறம் நன்றாகக் குறையும், முற்றிலும் மறைவது சிலருக்கு மட்டும்தான். பத்து முறைக்கு மேலும் ஆகலாம், ஒவ்வொன்றுக்கும் இடையில் சில வாரங்கள் விட வேண்டும். நெற்றியும் கண்ணோரமும் நன்றாகத் தெளியும். மூக்கை ஒட்டிய கன்னமும் மேலுதடும் பிடிவாதம் பிடிக்கும். நன்றாக மங்கியது பல ஆண்டுகள் கழித்து ஓரளவு மீண்டும் சிவப்பதும் உண்டு, அப்போது மறுபடி செய்துகொள்ளலாம். இதைச் சொன்னால் பெற்றோர் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். ஆனாலும் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாவது முறை முடிந்ததும் "ஏமாந்துவிட்டோம்" என்று பாதியில் விட்டுப் போகும் குடும்பங்களைப் பார்த்த அனுபவம் அப்படி.

அந்த மையத்தில் முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். முதலில் கருவியின் பெயரைக் கேளுங்கள். பல இடங்களில் இருப்பது பச்சை குத்தியதை அழிக்கவும் மங்குக்கும் முடி நீக்கவும் வாங்கிய கருவிகள். பச்சையை அழிக்கும் கருவி நிறமியைக் குறிவைத்தது, இந்தக் குழாய்களுக்கு அதனால் பயனில்லை. ஐ.பி.எல். என்பது பல நிற ஒளியைக் கலந்து பாய்ச்சும் கருவி, அது லேசரே இல்லை. நீண்ட துடிப்பு என்.டி. யாக் என்ற இன்னொரு வகை லேசர் ஆழமாகப் பாயும், தடித்துப்போன பெரியவர்களின் சிவப்புக்குத் தேர்ந்த கையில் உதவும். ஆனால் அதில் பயன் தரும் அளவுக்கும் தழும்பு தரும் அளவுக்கும் இடைவெளி மயிரிழைதான். மூன்று வயதுப் பையன் ஒருவனை இப்படித் தவறான கருவியால் கன்னத்தில் தழும்போடு என்னிடம் கொண்டுவந்தார்கள். தழும்புக்கு அடியில் சிவப்பு அப்படியே இருந்தது. அந்தத் தாயிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். கருவியைப் பிடிக்கப்போவது தோல் மருத்துவரா, இந்த வயதுக் குழந்தைகளுக்கு இதற்கு முன் செய்திருக்கிறாரா, நம் நிறத்துக் குழந்தைகளின் முன்பின் படங்களைக் காட்டுவாரா என்று கேளுங்கள். கண் பரிசோதனை நடந்ததா என்று அவர்களாகக் கேட்காவிட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். டை லேசர் விலை உயர்ந்தது, பராமரிப்பும் அதிகம், எல்லா ஊரிலும் இருக்காது. பெரு நகரம் வரை போக வேண்டியிருக்கலாம், செலவும் சேரும். காப்பீடு இருந்தால், இதை அழகு சிகிச்சை என்று தள்ளிவிடாமல் இருக்க, பிறவி ரத்தக் குழாய்க் கோளாறு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நாளில் மை, திருஷ்டிப் பொட்டு, பவுடர், எண்ணெய் எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது. கறுப்பு மை ஒளியைக் குடித்துத் தோலைச் சுட்டுவிடும். இமை மீது ஒளி பட வேண்டியிருப்பதால் உங்கள் மகளுக்கு வெளிக்கண்ணாடி போதாது. மரப்புச் சொட்டு விட்டு, இமைக்கு அடியில் உலோகக் கவசம் வைப்பார்கள், அது உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்பும் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல வலிக்கும். இந்த வயதில் பிடித்துக்கொண்டே சில நிமிடங்களில் முடித்துவிட முடியும். வளர்ந்த பிறகென்றால் மயக்கம் கொடுக்க வேண்டிவரும். மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்திருக்கிறது, ஆகவே அந்த முடிவை யோசித்து எடுக்க வேண்டும். மரப்புக் களிம்பு தந்தால் அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் பூசாதீர்கள், கைக்குழந்தையின் ரத்தத்தில் அது கலந்து தீங்கு செய்யும்.

வீடு திரும்பும்போது முகம் இன்னும் மோசமாக இருக்கும். ஒளி பட்ட இடமெல்லாம் நாவல்பழக் கறை போல ஊதா வட்டங்களாகிவிடும், இமை வீங்கும். பயந்துவிடாதீர்கள், அக்கம்பக்கத்தாருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் அது மாறும். மஞ்சளோ பத்தோ போடாமல் வெறும் வாசலின் தடவினால் போதும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் ஆகும்வரை வெயிலுக்குத் துணியும் நிழலும்தான், அதன் பிறகு சன்ஸ்கிரீன்.

எவ்வளவு நன்றாக நடந்தாலும் உங்கள் மகள் முகத்தில் கொஞ்சம் சிவப்பு மிஞ்சக்கூடும். 1985 முதல் 1991 வரை சோவியத் ஒன்றியத்தை நடத்திய கோர்பச்சேவின் நெற்றிக்கு மேல் இதே சிவப்பைத்தான் உலகம் தினமும் செய்தித்தாளில் பார்த்தது. அவர் அதை மறைக்கவில்லை. மகள் இதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பது இப்போது வீட்டில் நீங்கள் பழகுவதைப் பொறுத்திருக்கிறது. குழந்தையை இன்றே வெளியே தூக்கிச் செல்லச் சொல்லுங்கள், பவுடர் பூசாமல். யாராவது கேட்டால், "ரத்தக் குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம்" என்று ஒரே வரி போதும்.

நாளை போகும்போது பிறந்த நாளிலிருந்து கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொண்டு போங்கள். இரண்டு கண்களும் நேராகத் தெரியும் படங்களைத் தேதி வாரியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டால், வலது கண் எப்போது பெரிதாகத் தொடங்கியது என்பதைக் கண் மருத்துவர் அதிலேயே பார்த்துவிடுவார். அழுத்தம் எவ்வளவு இருந்தது, என்ன சொன்னார்கள் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.